ஊஞ்சல் பாட்டின் மேல் வைத்த பொட்டு

நகத்தால் லேசாகத்தான் சுரண்டினேன்.

காய்ந்த சந்தனம் வில்லையாகக் கழன்று வந்தது. குங்குமமும் சேர்ந்து வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. வெள்ளித்தாள் போல மின்னிக்கொண்டு என் நகத்தில் ஒட்டியிருந்தது.

சிடியைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். நடு ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. சுண்டுவிரல் நுனி அளவுதான். அதன் வழியாக டியூப் லைட் தெரிந்தது. லைட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்த பல்லியும் தெரிந்தது.

ஆயுத பூசை முடிந்து மூன்றாம் நாள் காலை. கடை வாசலில் கட்டிய வாழைக்கன்று தலை தொங்கிப்போயிருந்தது. சிந்திய பொரியை எறும்புகள் வரிசையாக இழுத்துக்கொண்டு போயின. எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது.

அந்த சிடி சரோஜா அம்மாவுடையது. அதில் இருந்தது அவருடைய குரல். இன்னும் ஒன்பது நாளில் அவர் மகள் ஹேமாவுக்குக் கல்யாணம். கல்யாணத்தில் ஊஞ்சலுக்கு அந்தக் குரல்தான் பாட வேண்டும். அந்தம்மாவால் இனிமேல் பாட முடியாது.

நகத்தில் இருந்த வெள்ளித் துணுக்கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கீழே போட மனம் வரவில்லை. ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து அதற்குள் வைத்து மூடினேன்.

பூந்திக்கொட்டை நுரை

போன வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், பரண்மேல் கிடக்கிற பழைய ரெக்கார்டுகளை எதைப் போட்டுக் கழுவுவது என்று கேட்டிருக்கிறார். அவருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன். சொல்லப்போனால் இதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்த ஒரே வேலை.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். பரவையிலிருந்து டவுன் பஸ் ஏறி மதுரைக்கு வந்து சேது அண்ணன் மைக் செட் கடையில் சேர்ந்தேன். பேசக் கூச்சப்படுகிறவன் என்பதால் அவர் என்னை வாடிக்கையாளர் பக்கமே விடவில்லை. பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாயடியில் உட்காரவைத்தார். விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் ரெக்கார்டுகளைக் கழுவுவது என் பொறுப்பு.

ஒரு காதுகுத்து முடிந்து வரும் ரெக்கார்டைப் பார்த்தாலே அங்கே என்ன சாப்பாடு போட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கறிக்குழம்பு விரல் ரேகை இருக்கும். விபூதி இருக்கும். செம்மண் இருக்கும். பாட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுற்றினால், மைக் செட்டுக்காரர் முள் இருக்கிற தலைமேல் ஒரு கால் ரூபாயை வைப்பார். கனம் கூடி முள் தாண்டி ஓடிவிடும். அன்றைக்குப் பாட்டு பிழைத்துக்கொள்ளும். ரெக்கார்டு கொஞ்சம் செத்திருக்கும்.

நான் சோப்புப் போட மாட்டேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டுவேன். ஒரு துகள் இருந்தாலும் கீறிவிடும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாமல் அதன்மேல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொள்வேன். ஷேவிங் பிரஷ்ஷை நுரையில் தொட்டு, வரி போகிற போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது.

அலசுவதற்கு எங்கள் கடை போர் தண்ணீர் ஆகாது. காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். பேட்டரிக் கடையில் விற்கிற தண்ணீரை வாங்கி வந்து அலசுவேன். பிறகு தட்டு அடுக்குகிற கம்பி ஸ்டாண்டில் நிமிர்த்தி நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் மட்டும் கூடாது. வாடிப்பட்டிக்குப் போன இடத்தில் அவசரத்துக்கு ஒரு ரெக்கார்டை வேன் பானட் மேல் காயவைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பளம் போல மடிந்து நின்றது. சேது அண்ணன் திட்டவில்லை. அதை எடுத்து என் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்து, "இன்னைக்குப் பூரா இதோட திரி மாப்ள" என்றார். திரிந்தேன்.

பிறகு கேசட் வந்தது. அப்புறம் சிடி. கழுவுகிற வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. சிடியும் திக்கியது. ஜனங்கள் அதைச் சட்டையில் துடைத்தார்கள், லுங்கியில் துடைத்தார்கள், எச்சில் தொட்டும் துடைத்தார்கள். ரெக்கார்டுக்கு நேர் எதிர், சிடியைச் சுற்றித் துடைக்கவே கூடாது. பாட்டு வட்டமாக ஓடுவதால், வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் ஒரு நீளம் பூராவும் போய்விடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைக்க வேண்டும். சின்னக் கீறலாக இருந்தால் வெள்ளைப் பற்பசையை விரலில் எடுத்து அதே போக்கில் மெதுவாகத் தேய்க்கலாம்.

இதையெல்லாம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மின்னுகிற பக்கத்தை யாராவது தொட்டால் எனக்குக் கை பதறும். "அண்ணே, அடிப்பக்கம் கை படாமப் பிடிங்கண்ணே" என்பேன். நான் வாய் திறந்து கண்டிப்பாகப் பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மேல்பக்கத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அது பேர் எழுதுகிற பக்கம் என்று நினைத்திருந்தேன்.

காற்றுக் குரல்

சரோஜா அம்மா பழைய அரண்மனையான மஹால் பக்கத்துச் சந்தில் குடியிருந்தார். சௌராஷ்டிரக் குடும்பம். ஒரு காலத்தில் அவர்கள் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் இவர்தான் பாடுவாராம். அவர்கள் பாஷையில் ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு என்று ஏழு பாட்டை வீட்டிலேயே டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். ஹேமா பள்ளிக்கூடம் போகிற வயதில் பதிந்தது. "என் கல்யாணத்துக்கும் நீதான் பாடணும்" என்று மகள் அப்போதே சொல்லிவைத்திருந்தாள்.

பிறகு அந்தம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது. பேசினால் காற்று மட்டும்தான் வரும். கிட்டப் போய்க் கேட்டால் வார்த்தை புரியும்.

அவர் முதல்தரம் கேசட்டோடு கடைக்கு வந்தபோது, நான் கவுண்டரில் ஒரு மைக்கைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, "தம்பி, இதைச் சிடியா மாத்தணும்" என்றார். மைக் ஆனில் இருந்திருக்கிறது. பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அந்தக் காற்றுக்குரல் பெரிதாக வந்தது. அவர் துள்ளி விலகினார். யாரோ தன் பின்னால் நின்று பேசியதுபோலத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

கடையில் நாள் பூராவும் இரைச்சல். அதற்கு நடுவே சத்தமில்லாமல் பேசுகிற ஒருவர் வந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவரிடம் மட்டும் எனக்குக் கூச்சம் வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

"கேசட்டு இனிமே எதுக்கும்மா? பூஞ்சை பிடிக்கும், நாடா இழுத்துக்கும். சிடிக்கு அழிவே கிடையாது."

அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தம்மா நம்பி, பழைய கேசட்டை எங்களிடமே கொடுத்துவிட்டார். அதன்மேல் நானே யாருக்கோ பக்திப் பாட்டுப் பதிந்து கொடுத்தேன். கம்ப்யூட்டரிலும் அப்போது இடம் குறைவு. சிடி எழுதி முடித்ததும் அதிலிருந்து அழித்துவிடுவோம். ஆக, உலகத்திலேயே அந்த ஏழு பாட்டும் இருந்தது ஒரே ஒரு தகட்டில்.

அந்த சிடிதான் இரண்டு வருஷம் கழித்து, கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் திக்க ஆரம்பித்து என்னிடம் வந்தது. அடியில் எண்ணெய்க் கை பட்டிருந்தது. துடைத்தேன். ஏழு பாட்டையும் உட்கார்ந்து கேட்டேன். பாஷை புரியாவிட்டாலும் முதல் பாட்டான ஊஞ்சல் பாட்டில் குரல் முன்னும் பின்னும் ஆடுவது தெரிந்தது. ஒரு திக்கல் இல்லை. உறையில் போடாமல், காற்றாட ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

மறுநாள் ஆயுத பூசை.

சேது அண்ணன் பூசையில் ரொம்பக் கறார். "ஒரு சாமான் விடாமப் பொட்டு வையி மாப்ள. விளக்குமாத்தைக்கூட விடாத. விட்டுப்போனது கோவிச்சுக்கும்" என்பார். ஆம்ப்ளிஃபையர், குழாய், சால்டரிங் கட்டை, ஷேவிங் பிரஷ் எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஸ்டாண்டில் சரோஜா அம்மா சிடி தனியாக நின்றது. அதை விட்டால் கோபித்துக்கொள்ளுமே என்று தோன்றியது. மின்னுகிற பக்கத்தில் கை படாமல் பத்திரமாக எடுத்து, பேர் எழுதுகிற பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டிக் குழைவாக ஒரு பொட்டு வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

தீப்பெட்டி

சிடியைப் பிளேயரில் போட்டேன். சுற்றியது, நின்றது. சுற்றியது, நின்றது. பிறகு இரண்டே வார்த்தை எழுதிக் காட்டியது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் தெரியும். தகடு இல்லை.

தகடு உள்ளேதான் இருக்கிறது என்று அதற்கு யார் சொல்வது?

சேது அண்ணன் வந்து வாங்கிப் பார்த்தார். பாட்டு பதிகிற வெள்ளி, சிடியின் மேல்பக்கத்தில் பெயின்ட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முடி அளவு கனம்கூட இல்லை. கீழ்ப்பக்கம் இருப்பது வெறும் பிளாஸ்டிக் கண்ணாடி. அத்தனை வருஷமும் எல்லோரையும் வீட்டின் கதவைக் காவல் காக்கச் சொல்லிவிட்டு, நான் கூரையைப் பிய்த்திருக்கிறேன்.

"இப்ப என்னண்ணே செய்யிறது?"

"என்ன செய்வ? வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிரு."

"எப்படிண்ணே..."

"அட, அந்தம்மாவால சத்தம் போடக்கூட முடியாது மாப்ள. எதுக்கு இம்புட்டு நடுங்குற?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சரோஜா அம்மா வந்தார். தலையில் மல்லிகை, கையில் பத்திரிகைக் கட்டு. எனக்கென்று ஒரு பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தார். "சரியாயிருச்சா மாரி?"

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும்மா. திங்கக்கிழமை நானே கொண்டாரேன்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நான் எப்போதும் யார் முகத்தையும் பார்க்காமல்தான் பேசுவேன் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அதுவும் எனக்கு வலித்தது.

அந்த இரண்டு நாளும் என்னென்னவோ செய்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை வெட்டி ஓட்டைமேல் ஒட்டினேன். அலுமினியம் பெயின்ட்டைக் குச்சியில் தொட்டு வைத்தேன். தகடு இல்லை, தகடு இல்லை என்றே சொன்னது. பஸ்ஸில் போகும்போது சட்டைப்பையில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "தம்பி, பஸ்ஸுக்குள்ள பத்தவச்சிராத" என்றார்.

மூடி உடைந்த பிளேயர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேது அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் பின்பக்கம் உட்கார்ந்து பழைய சாமான்களை வெறித்துக்கொண்டிருந்தேன். அங்கே மூடி உடைந்த ஒரு சின்ன சிடி பிளேயர் கிடந்தது. மூடியை மூடினால் அழுந்துகிற ஒரு பொத்தான் அதில் உண்டு. மூடி இல்லாததால் அந்தப் பொத்தானைத் தீக்குச்சியால் அழுத்திச் செருகித்தான் பாடவைப்போம்.

அதைப் பார்த்ததும் எப்போதோ நடந்தது ஞாபகம் வந்தது. ஒருநாள் குச்சியை எடுக்க மறந்து, அப்படியே ஒரு சிடியை எடுத்துவிட்டு வேறு சிடியை வைத்துவிட்டேன். பிளேயருக்குத் தகடு மாறியதே தெரியவில்லை. பழைய சிடியின் பாட்டுக் கணக்கையே காட்டிக்கொண்டிருந்தது.

எழுந்து அந்தப் பிளேயரை எடுத்துத் துடைத்தேன்.

சிடியின் நடுவட்டத்தில் முதலில் ஒரு பட்டியல் இருக்கிறது. எத்தனை பாட்டு, எது எங்கே என்று. பிளேயர் அதைப் படித்த பிறகுதான் பாடும். என் பொட்டு விழுந்தது அந்தப் பட்டியலின் மேல். பட்டியல் போனதால்தான் தகடே இல்லை என்கிறது. வேறொரு சிடியின் பட்டியலைப் படிக்கவைத்துவிட்டு, இதை மாற்றி வைத்தால்?

நல்ல நீளமான ஒரு சிடியைப் போட்டேன். பொத்தானில் தீக்குச்சியைச் செருகினேன். படித்து முடித்ததும் நிறுத்தினேன். குச்சியைத் தொடாமல் சிடியை மட்டும் எடுத்தேன். சரோஜா அம்மாவின் சிடியை வைத்து, ஓட்டையைத் தாண்ட மூன்றாவது பாட்டுக்குத் தள்ளி அழுத்தினேன்.

கரகரவென்று தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பாட்டின் நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

நான் அழுதேனா என்று நினைவில்லை. டெக்கில் புதுக் கேசட்டைப் போட்டுப் பதிவை அழுத்தியது நினைவிருக்கிறது. பட்டியல் வேறு சிடியுடையது என்பதால் எந்தப் பாட்டும் சரியான இடத்தில் ஆரம்பிக்கவில்லை. பின்னால் தள்ளித் தள்ளிப் பிடித்தேன். இரண்டாவது பாட்டிலிருந்து ஏழாவது வரைக்கும் முழுதாகக் கிடைத்தது.

முதல் பாட்டு மட்டும் வரவில்லை. பொட்டு வைத்த இடத்தில்தான் அது இருந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டையில் விழுந்து எழுந்து, டக் டக்கென்ற சத்தம்தான் வந்தது. நடுநடுவே ஓர் எழுத்து. அவ்வளவுதான்.

ஊஞ்சல் பாட்டு.

ஒற்றைக் கண்ணால்

திங்கட்கிழமை மஹால் பக்கம் நடந்தேன். சந்து முனையில் இரண்டு தரம் திரும்பிவிட்டேன். சேது அண்ணன் சொன்ன பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பொய் வாய்க்கு நன்றாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் தாம்பாளங்களும் தேங்காய் மூட்டையுமாகக் கிடந்தன. ஹேமா தன் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். அந்தம்மா கையசைத்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"ஆறு பாட்டு இந்தக் கேசட்ல இருக்கும்மா. மொதப் பாட்டு போயிருச்சு."

"எப்படி?"

"நான்தாம்மா. பூசையில பொட்டு வச்சேன். சுரண்டினேன். கூடவே வந்திருச்சு."

தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அதை ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் துணுக்கைப் பார்க்கவில்லை. சிடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டூண்டு ஓட்டையிலயா என் ஊஞ்சல் போச்சு?"

தீப்பெட்டியை மூடினேன்.

"பொட்டு வைக்கும்போது கும்பிட்டியா?"

"கும்பிட்டேம்மா."

"என்னன்னு?"

"எல்லாம் நல்லா ஓடணும்னு."

அவர் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாததால் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. முகத்தை ஏறிட்டுப் பார்த்தேன். இரண்டும்தான்.

பிறகு என் கையைப் பிடித்துக் கிட்ட இழுத்தார். "வெளிய மூச்சு விடாத. பொட்டு வச்சுப் பாட்டு கெட்டுப்போச்சுன்னா, கல்யாண வீட்ல ஆளாளுக்குச் சகுனம் பார்ப்பாங்க. பழசாகிப் போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். ஹேமாவுக்கும் அப்படித்தான்."

"சரிம்மா."

"கல்யாணத்துக்கு நீயே வந்து செட்டுப் போடு."

ஃபேன்

மண்டபத்தில் ஊஞ்சல் கட்டி, பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தாயிற்று. பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் மூலையில் ஆம்ப்ளிஃபையரோடு இருந்தேன். டெக்கில் அந்தக் கேசட், இரண்டாவது பாட்டில் தயாராக. அழுத்தப் போனேன்.

சரோஜா அம்மா பட்டுப்புடவை சரசரக்க என்னிடம் வந்தார்.

"அன்னைக்குக் கடையில என் பேச்சு பெட்டியில கேட்டுச்சே. இங்க கேட்குமா?"

அது சின்னக் கடை. இது முந்நூறு பேர் இருக்கிற மண்டபம். மைக்கைக் கூட்டினால்தான் காற்றுக்குரல் கேட்கும். ஒரு நூல் அதிகமாகக் கூட்டினால் மைக் வீலென்று கூவிவிடும். கல்யாணத்தில் ஊஞ்சல் நேரத்தில் மைக் கூவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒன்றைக் கெடுத்தவன் நான்.

"கேட்கும்மா" என்றேன். எப்படிச் சொன்னேனோ.

குழாய்களை நிறுத்திவிட்டுப் பெட்டி இரண்டை மட்டும் விட்டேன். பெட்டிகளை மைக்குக்கு முதுகு காட்டித் திருப்பினேன். கேசட்டை எடுத்துவிட்டுப் புதுக் கேசட் போட்டுப் பதிவை அழுத்தினேன். ஆனால் மேலே பத்து ஃபேன் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாரிடம் சொல்வது? நான் மைக்கில் அதுவரை பேசியதே இல்லை. சோதிக்கக்கூட விரலால் தட்டித்தான் பார்ப்பேன்.

மைக்கைப் பிடித்தேன். "கொஞ்சம்... ஃபேனை நிறுத்துங்க. கொஞ்ச நேரம்."

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

"யாருப்பா அது? கரண்ட் பில்லு நீயா கட்டுற?" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது. "வேர்க்குதுய்யா!" என்று இன்னொருவர். சரோஜா அம்மா அவர்கள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ ஸ்விட்சை அணைத்தார்கள். ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது கேட்டது.

அந்தம்மா மைக்கை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டார். நான் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பெட்டிக்குள் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. அது கூவலாக மாறுவதற்கு முந்தின இடம். அங்கேயே விரலை நிறுத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். என் நாடித்துடிப்பில் திருகு அசைந்துவிடுமோ என்று பயந்தேன்.

பாடினார். ராகம் இல்லை. காற்றும் வார்த்தையும் மட்டும். ஆனால் அந்த ஆட்டம் இருந்தது. முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அந்த மூச்சுக்குச் சரியாகத் தள்ளினார்கள். ஹேமா தலை நிமிரவில்லை. மடியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மூன்றாவது அடியில் இரைச்சல் மேலே ஏறியது. ஒரு முடி அளவு குறைத்தேன். இறங்கியது. பாட்டு முடிகிற வரைக்கும் மைக் கூவவில்லை.

முடிந்ததும் ஃபேன் போடக்கூட மறந்துவிட்டார்கள். சரோஜா அம்மா மைக்கை இறக்காமலே என் பக்கம் குனிந்தார். எனக்கு மட்டும் கேட்பதாக நினைத்துக்கொண்டு, அந்தக் காற்றுக்குரலில் சொன்னார். நான் திருகைக் குறைக்க மறந்திருந்தேன். பெட்டி இரண்டும் மண்டபம் பூராவுக்கும் அதைச் சொல்லின.

"இதையாவது பொட்டு வைக்காமப் பத்திரமா வையி மாரி."

முந்நூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "எந்தப் பொட்டு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். இந்தத் தடவை அது சிரிப்பு மட்டும்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு டெக்கைப் பார்த்தேன். கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையும் அதில் பதிந்துகொண்டிருந்தது.